எழுபதாம் நிமிடத்துக்குப் பிறகு

2024 பெப்ரவரி 24, சனிக்கிழமை, முற்பகல் பதினொரு மணி. வெளியே நான்கு பாகைக் குளிர், தூறல், மேற்கிலிருந்து காற்று. டோர்ட்மண்டில் எங்கள் வீட்டு வரவேற்பறையின் இரண்டு சன்னல்களிலும் ரொல்லாடன்களை அடிவரை இறக்கினேன். ரொல்லாடன் என்பது இந்த நாட்டுச் சன்னல்களுக்கு வெளிப்புறமாக உருண்டு இறங்கும் மறைப்பு. இரவில் இறக்கிக் காலையில் ஏற்றுவார்கள். பகல் பதினொரு மணிக்கு அதை யாரும் இறக்குவதில்லை. சன்னல் வெளிச்சம் தொலைக்காட்சித் திரையில் விழுந்தால் பந்து தெரியாது என்பதால் நான் இறக்கினேன். யாழ்ப்பாணத்தில் அப்போது பின்னேரம் மூன்றரை மணி, நல்ல வெயில். எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்ட அணி மைதானத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வருடங்களாக இந்த நாட்டில் வெயில் காணாது என்று முறைப்பட்டு வருகிறவன், திரையில் தெரியும் வெயிலைச் சரியாகப் பார்ப்பதற்காக, வீட்டுக்குள் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அடைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எழுபத்தெட்டாம் நிமிடத்தில் எங்கள் வலைக்குள் மூன்றாவது கோல் விழுந்தது. எண்பத்திரண்டில் நான்காவது. நான் கத்தினேன் என்று மனைவி கமலா பிறகு சொன்னாள், எனக்குத் தெரியாது. அடுத்த நிமிடம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் எதிர் வீட்டுக் கோவால்ஸ்கி கையில் தொலைபேசியுடன் நிற்கிறார், முகம் வெளுத்திருந்தது. வயதானவர்களின் வீட்டில் பகலில் ரொல்லாடன் கீழே கிடந்தால் இங்கே அயலவர்கள் ஒன்றைத்தான் நினைப்பார்கள். அதற்குமேல் கத்தலும் கேட்டிருக்கிறது. மனைவிக்கு ஏதாவது நடந்துவிட்டதா என்று கேட்டார். எனக்கு வந்த ஒரே பதில், "நான்குக்கு ஒன்று." அவர் அவசர உதவியை அழைக்க இலக்கத்தை அழுத்தத் தொடங்கிவிட்டார். உள்ளேயிருந்து கமலா வந்து, தான் உயிரோடு இருப்பதைக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து மீதி ஆறு நிமிடத்தையும் எங்களோடு இருந்து பார்த்தார். இது எத்தனையாவது லீகா என்றார். பள்ளிக்கூடம் என்றேன். பேரப்பிள்ளை விளையாடுகிறானா என்றார். ஒன்பதாம் இலக்கம் என் கடைசித் தங்கையின் மகன், பெயர் நிரோஜன், அந்த ஒரு கோலையும் அடித்தவன் அவன்தான் என்று திரையைத் தொட்டுக் காட்டினேன். பிறகு கோட்டுக்கு வெளியே தொப்பியோடு நின்ற மெலிந்த மனிதரைக் காட்டி, எல்லாம் இந்தப் பயிற்றுநரால் வந்தது, நாங்கள் மாதாமாதம் காசு கொடுக்கிறோம், அவர் மாதாமாதம் தோற்கிறார் என்றேன். காசு கொடுக்கிறோம் என்றதைக் கோவால்ஸ்கி எப்படி விளங்கிக்கொண்டாரோ, நான் ஏதோ ஒரு கழகத்தின் உரிமையாளன் என்று முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து படிக்கட்டில் கண்டால் "வணக்கம், ஹேர் பிரெசிடெண்ட்" என்பார், தலைவர் ஐயா என்று அர்த்தம். நான் திருத்தவில்லை. ஒரு திருகாணிக் களஞ்சியத்தில் இருபத்தொன்பது வருடம் பெட்டி எண்ணியவனை இந்த நாட்டில் வேறு யாரும் அப்படி அழைத்ததில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். ஆனால் அதன் பழைய மாணவர்கள் சாகும்வரை அதன் மாணவர்கள். ஜேர்மன்காரன் தன் பள்ளிக்கூடத்தின் பெயரைக்கூட மறந்துவிடுவான். சனிக்கிழமை போய்க் கத்துவதற்கு அவனுக்கு ஊர்க் கழகம் இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கழகமும் கல்லூரிதான். ஜேர்மனிக் கிளை, கனடாக் கிளை, இலண்டன் கிளை என்று சங்கம் வைத்து, கட்டடத்துக்குக் கூரை போட்டுக் கொடுப்போம், தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுப்போம். எங்கள் ஜேர்மனிக் கிளை ஏற்றுக்கொண்டது உதைபந்தாட்டப் பயிற்றுநரின் மாதக் கொடுப்பனவை. கொடுப்பனவு என்பது பெரிய சொல், தொகை அப்படிப் பெரியதல்ல. ஆனால் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து யார் பின்னுக்கு நிற்பது, யார் இடப்பக்கம் ஓடுவது என்று டுசல்டோர்ஃபிலிருந்தும் எசனிலிருந்தும் குரற்பதிவுகள் போகத் தொடங்கின. எங்கள் வட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பத்து மூன்று பேர். அத்தனை பேரும் பயிற்றுநர்கள்.

உண்மையான பயிற்றுநரின் பெயர் தவம். எல்லோரும் தவம் மாஸ்டர் என்பார்கள். ஐம்பத்திரண்டு வயது. காலையில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை, பின்னேரம் மைதானம். 2017இல் ஊருக்குப் போனபோது ஒருமுறை கண்டிருக்கிறேன். மைதானத்துக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எங்கேயோ போய் ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து நிழலில் வைத்தார். "வெயிலுக்க நிக்காதேங்கோ அண்ணை, உங்களுக்கு இப்ப இது பழக்கமில்லை" என்றார். அது எனக்குக் கொஞ்சம் சுட்டது. நான் அந்த மைதானத்தில் நாலு வருடம் நின்றவன். விளையாடியதில்லை, என் காலுக்குப் பந்து படியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் அணிக்கு நான்தான் புள்ளி குறிப்பவன். யார் அடித்தது, எத்தனையாவது நிமிடம், எந்தக் காலால் என்று எழுதுவேன். அந்த நாலு வருடத்தில் எங்கள் கல்லூரி தோற்றது மூன்று முறை. அந்த மூன்றின் நிமிடங்களையும் இன்றைக்கும் சொல்வேன்.

எண்ணுகிற பழக்கம் என்னை விட்டுப் போகவேயில்லை. கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயிலில் மேற்குக்குக் கடந்தபோது நிலையங்களை எண்ணினேன். அகதி முகாமில் ஒரு அறைக்குள் எத்தனை பேரின் மூச்சு என்று எண்ணினேன். அகதி விண்ணப்பம் முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று வைத்திருந்த காலத்தில், எல்லையிலிருந்த ஒரு பாலத்தின் நடுவரைக்கும் நடந்து போய்த் திரும்புவேன், அதற்கு எத்தனை அடி என்பதும் தெரியும். எண்ணினால் பயம் கொஞ்சம் குறையும். இப்போது ஓய்வூதியத்தில் இருக்கும்போது எண்ணுவதற்கு எங்கள் அணியின் தோல்விகள் இருக்கின்றன. அந்தப் பருவத்தில் பெப்ரவரி 24 வரைக்கும் ஒன்பது ஆட்டம். வெற்றி ஒன்று, சமநிலை இரண்டு, தோல்வி ஆறு. வாங்கிய கோல் இருபத்தொன்று. அதில் பதின்மூன்று எழுபதாம் நிமிடத்துக்குப் பிறகு வாங்கியவை. கடைசி ஆட்டம் ஏப்ரல் ஆறாந் திகதி. அதில் வென்றால் முதலாம் பிரிவில் நிற்கலாம். இல்லையென்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். கல்லூரியின் சரித்திரத்தில் அப்படி ஒருமுறையும் நடந்ததில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூட்டம் வைத்தோம். முப்பத்தொரு பேர். எனது கணக்கைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினேன். எழுபதாம் நிமிடத்தில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் புள்ளிகள் எறும்பு மாதிரி மொய்த்துக் கிடந்தன. பெடியள் களைக்கிறார்கள், ஓட்டப் பயிற்சி இல்லை, மாஸ்டருக்கு நவீன முறை தெரியாது என்று ஒவ்வொருவராக எழும்பிச் சொன்னார்கள். அந்தாள் கோப்பரேட்டிவில மா நிறுக்கத்தான் சரி என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, சிரிப்பு. சங்கத் தலைவர் சிறி, டுசல்டோர்ஃபில் இருப்பவர், என் தோளில் தட்டி, "அண்ணையின்ர கணக்கே காணும், இனி என்ன சாட்சி வேணும்" என்றார். ஏப்ரல் ஆறில் தோற்றால் மாஸ்டரை மாற்றுவது என்று முடிவாகியது. அதற்கு முன் அவரிடம் ஒரு விளக்கம் கேட்பது முறை என்றும், வயதில் மூத்தவன், சண்டை பிடிக்காதவன் என்பதால் அதை நான் கேட்பது என்றும் சொன்னார்கள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். என் கணக்கை முழுதாக வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் மாஸ்டர், "கணக்குச் சரிதான் அண்ணை" என்றார். பிறகு, "எழுபதாம் நிமிசத்தில ஆர் ஆர் உள்ளுக்க நிண்டது எண்டும் எழுதி வச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். நான் எழுதவில்லை. அவர் சொல்லத் தொடங்கினார். குரலில் கோபம் இல்லை. கடையில் நின்று சாமான் பெயர் சொல்கிற மாதிரித்தான் இருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு முதல் என்னட்டை இருபத்திரண்டு பேர். கோல் காத்த கோலி இப்ப பிரான்சில. பின்னுக்கு நிண்ட ரெண்டு பேரும் லண்டன். இடப்பக்கம் ஓடினவன் கனடா. நடுவுக்க நிண்டவன் போலந்துக் காட்டுக்க எங்கையோ, தாய்க்கு இன்னும் ஃபோன் வரேல்லை. அப்பிடி ஒன்பது பேர் அண்ணை. எழுபது நிமிசம் மட்டும் நிக்கிற பதினொரு பேர் நிப்பினம். பிறகு ஒருத்தன் களைச்சா, உள்ளுக்க விட என்னட்டை இருக்கிறது பதினஞ்சு வயசுப் பெடியள்."

பிரான்சுக்குப் போன கோலியின் சித்தப்பா எங்கள் குழுவில்தான் இருக்கிறார். மாஸ்டரை மாற்று என்று நாளுக்கு மூன்று முறை எழுதுகிறவர் அவர். நான் அதைச் சொல்லவில்லை. பிறகு மாஸ்டர், "நிரோவும் ஜேர்மனிக்கு வாறானாம் எண்டு கேள்விப்பட்டன்" என்றார். ஓம் என்றேன். ஒன்றரை வருடமாக நானே ஓடித்திரிந்து செய்த அலுவல் அது. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவனுக்கு அவுஸ்பில்டுங் கிடைத்திருந்தது. மூன்று வருடம் சம்பளத்தோடு படிக்கிற தொழிற்பயிற்சி. விசாவும் வந்துவிட்டது. முதல் வகுப்பு ஏப்ரல் எட்டு, திங்கட்கிழமை, காலை எட்டு மணி.

"நல்ல விசயம் அண்ணை. நான் மறிக்கேல்லை. ஆறாந் திகதி மட்ச் ஐஞ்சரைக்கு முடியும். நானே அவனை ஓட்டோவில கொண்டுபோய் கொழும்பு பஸ் ஏத்தி விடுறன். ஞாயிறு காலமை ஒன்பதேகாலுக்கு ஒரு பிளேன் இருக்காம். அதில ஏறினா ராவைக்கு உங்கட வீட்டில நிப்பான். அந்த ஒரு மட்ச் மட்டும் விடுங்கோ."

விளக்கம் கேட்கப் போன நான், பார்க்கிறேன் மாஸ்டர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. நான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மைதானத்திலிருந்து பஸ் நிலையம், பஸ்ஸில் எட்டு மணித்தியாலம், விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம், எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை டிக்கெட், ஆட்டத்துக்கு மூன்று நாள் முந்திய புதன்கிழமைக்கு நான் பார்த்து வைத்திருந்த டிக்கெட்டைவிட நாற்பத்தொரு யூரோ மலிவு. ஆனால் பஸ் வழியில் நின்றால்? மைதானத்தில் கால் பிசகினால்? கட்டுப்போட்ட காலோடு வருகிறவனை முதியோர் இல்லத்தில் என்ன செய்வார்கள்? இல்லத்தின் பொறுப்பாளர் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து, பையன் இரண்டொரு நாள் பிந்தி வந்தால் பரவாயில்லையா, முக்கியமான உதைபந்தாட்டம் ஒன்று இருக்கிறது என்று முகாமில் பழகிய என் ஜேர்மனில் கேட்டேன். பையனுக்கு விளையாட்டு மிகவும் பிடிக்கும் என்று விளங்கிக்கொண்ட அந்தப் பெண், கவலைப்பட வேண்டாம், இங்கேயும் ஊழியர்களுக்கு ஒரு அணி இருக்கிறது, புதன்கிழமைகளில் விளையாடுகிறார்கள் என்று சந்தோசமாகச் சொன்னார். பிறகு, வகுப்பு மட்டும் எட்டாந் திகதிதான் என்றார்.

தங்கை அழுதாள். "பெரியண்ணை, அவன்ர கால் முறிஞ்சா ஆர் பாக்கிறது? பந்தே அவனுக்குச் சோறு போடப்போகுது?" நிரோ அழவில்லை. ஒரு குரற்பதிவு அனுப்பினான், நாலு செக்கன்தான்: "பெரிய மாமா, ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டும் இருக்காம்." கமலா அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒவ்வொரு சனியும் அவன் அடிக்கவேணும் எண்டு நெஞ்சு வெடிக்கக் கத்தினது நீங்கள். இந்த ஒரு சனி அவனை அடிக்க விடமாட்டியளோ?"

நான் புதன்கிழமை டிக்கெட்டை எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன் என்று நினைக்கிறேன். என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் ஒரு மணி நேரம் பிந்தியதால் ஒரு வாழ்க்கை பிந்திப் போனவர்கள். அதைக் கண்ணால் கண்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுக்கக் கை வராது.

வியாழக்கிழமை டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் நிரோ வெளியே வந்தபோது அவன் கையில் ஒரு கடைப் பை இருந்தது. பெட்டிக்குள் வைக்க இடமில்லாமல் விளையாட்டுச் சப்பாத்தைக் கையில் கொண்டு வந்திருக்கிறான். அடியில் செம்மண் காய்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரமும் பயிற்சிக்குப் போயிருக்கிறான். மாஸ்டர் என்ன சொன்னார் என்று காரில் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, பந்துகளை எண்ணிப் பைக்குள் போடச் சொன்னவர், போட்டேன் என்றான்.

சனிக்கிழமை ஆட்டம். முந்திய ஞாயிறு இங்கே கோடைகால நேரத்துக்கு மணியை மாற்றிவிட்டார்கள். அதனால் அந்த மூன்றரை எங்களுக்குப் பதினொன்றல்ல, பன்னிரண்டு. நான் ரொல்லாடன்களை இறக்கினேன். இறக்கி ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. கோவால்ஸ்கி, கையில் ஒரு போத்தல் பியர், இந்தமுறை முகத்தில் பதற்றம் இல்லை. சோபாவில் குளிர்ச் சட்டையோடு சுருண்டிருந்தவனைக் கண்டதும் திரையைப் பார்த்தார், பிறகும் அவனைப் பார்த்தார். ஒன்பதாம் இலக்கம் இங்கே இருக்கிறதே என்றார். ஓம் என்றேன். போத்தலைத் திறக்காமலே மேசையில் வைத்தார்.

ஒன்பதாம் இலக்கச் சட்டையை மாஸ்டர் யாருக்கும் கொடுக்கவில்லை. நேரடி ஒளிபரப்பில் விபரணை செய்தவர் அதை இரண்டு முறை சொன்னார். அறுபத்துநான்காம் நிமிடத்தில் எங்கள் நடுக்கள ஆட்டக்காரன் தூரத்திலிருந்து ஒன்று அடித்தான், உள்ளே போய்விட்டது. நான் எழும்பிவிட்டேன். கோவால்ஸ்கி கைதட்டினார். நிரோ எழும்பவில்லை. அவன் கால் மட்டும் கம்பளத்தின் மேல் அசைந்துகொண்டேயிருந்தது. எழுபதாம் நிமிடம் வந்தது. என் கண் திரையில் இல்லை, அதன் மூலையில் ஓடும் நேரத்தில்தான். எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான். மாஸ்டர் ஒரு சின்னப் பெடியனை உள்ளே அனுப்பினார். சட்டை அவனுக்கு முழங்கால் வரை தொங்கியது. எழுபத்துநான்கில் எதிரணிக்குக் கோணர் கிக். பந்து மூலையிலிருந்து உயர்ந்து வந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் விழ, அங்கே யாருமில்லை. எதிரணிக்காரன் தலையால் முட்டினான், ஒன்றுக்கு ஒன்று.

"கோணருக்கு அந்த இடத்தில நான்தான் வந்து நிக்கிறனான்" என்றான் நிரோ. யாருக்கும் சொன்னது போல இல்லை.

எண்பத்தாறாம் நிமிடத்தில் எங்களுக்கு எதிராக இரண்டாவது விழுந்தது. பருவம் முழுக்க வாங்கிய கோல்கள் இருபத்துமூன்று, எழுபதாம் நிமிடத்துக்குப் பிறகு பதினைந்து. திரையின் ஓரத்தில் கருத்துகள் ஓடின. கோச்சை வீட்டை அனுப்பு. கோச்சுக்கு வெக்கமில்லையோ. காசு குடுத்து அவமானம் வாங்கிறம். அவற்றில் சில, நிரோவுக்கு அடுத்ததாக இதே அணியிலிருந்து இன்னும் சிலரைக் கூப்பிட விசா அலுவல் பார்க்கிற வீடுகளிலிருந்து வந்தவை. நான் தொலைபேசியில் பதில் எழுத விரலைக் கொண்டுபோய், எழுதாமல் எடுத்துவிட்டேன். கோவால்ஸ்கி எழும்பும்போது, பயிற்றுநர் போக வேண்டுமா ஹேர் பிரெசிடெண்ட் என்று கேட்டார். அவருக்கு அது பகிடி. அவர்களுடைய ஊர்க் கழகம் மாவட்டத்தின் கடைசிக்கு முந்திய பிரிவில் பல வருடமாகக் கிடக்கிறது. தோற்ற அன்றும் பயிற்றுநருக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திட்டுவார்கள்.

அடுத்த நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் எங்கே வருகிறது என்று கணினியில் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்க வேண்டாம். பன்னிரண்டு நிமிடம் முந்தி இறங்கியது.

மே மாதக் கூட்டத்துக்கு நான் வேறொரு கணக்கோடு போனேன். இருபத்திரண்டு பேரில் பத்துப் பேர் போய்விட்டார்கள். அந்தப் பத்தில் நாலு பேரைக் கூப்பிட்டவர்கள் இந்த மண்டபத்துக்குள் இருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. அதைப் படித்து முடித்தேன். கதிரை ஒன்று கீச்சிட்டது. பிறகு சிறி, கோபமில்லாமல், மரியாதையாக, "அண்ணை, அது வேற, இது வேற" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. தேநீரும் வந்தது. மாற்ற வேண்டும் என்று இருபத்திரண்டு கை உயர்ந்தது. வேண்டாம் என்று ஐந்து. நான் ஆறாவதாகப் பிந்தித்தான் உயர்த்தினேன். அதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். நன்றி தெரிவித்து ஒரு கடிதமும் ஒரு பொன்னாடையும் மாஸ்டருக்குப் போயின. புதிதாகக் கொழும்பிலிருந்து ஒருவரை எடுத்திருக்கிறார்கள். இரண்டாம் பிரிவிலும் இப்போது எழுபதாம் நிமிடத்துக்குப் பிறகுதான் தோற்கிறோம் என்று கேள்வி. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கோடையில் கோவால்ஸ்கி நிரோவைத் தன் கழகத்துக்குக் கூட்டிப்போனார். பதிவு செய்யும்போது கழகத்தின் பொருளாளர், இவன் இதற்கு முன் எங்கே விளையாடினான், யார் பயிற்றுவித்தது என்று கேட்டார். இந்த நாட்டில் ஒரு வழமை இருக்கிறது. மிகச் சிறிய கழகமாக இருந்தாலும், வேறொரு கழகத்தில் வளர்ந்த பெடியனை எடுத்தால், வளர்த்த கழகத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அவனைப் பழக்கியதற்காக. கல்லூரி என்றேன், நான் சொன்னது பல்கலைக்கழகம் என்று நினைத்தார். பள்ளிக்கூடம் என்றேன். பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் கட்டத் தேவையில்லையாம். "இலவசம்" என்று சிரித்துக்கொண்டே எழுதினார், பேரம் படிந்த மாதிரி. கோவால்ஸ்கி என் முதுகில் தட்டினார். ஏழு வருடம், ஒவ்வொரு பின்னேரமும், சுண்ணாம்பு வாளியோடு அந்த மைதானத்தில் நின்ற மனிதரின் பெயரைப் போட அந்தத் தாளில் இடமும் இல்லை.

செப்டெம்பர் நடுவில் ஒரு ஞாயிறு. பின்னேரம் மூன்று மணி, பதினேழு பாகை, மழை பெய்யலாம் போல வானம். கழகத்தின் மைதானத்தில், இரும்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு, ஐம்பது அறுபது பேர். நிரோ பச்சைச் சட்டையில், இலக்கம் ஒன்பது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. தவம் மாஸ்டர். ஊரில் ஆறரை மணி, இப்போது பின்னேரமும் கடையில்தான் நிற்கிறாராம், பூட்டிவிட்டு வந்திருப்பார். மே மாதத்துக்குப் பிறகு நான் அவருக்கு எடுக்கவில்லை. எடுக்க முகம் இல்லை. அவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. "அவன் இண்டைக்கு விளையாடுறானாம் எண்டு தாய் சொன்னவ. கொஞ்சம் காட்டுங்கோ அண்ணை" என்றார்.

தொலைபேசியைக் கம்பிக்கு மேலாக உயர்த்திப் பிடித்தேன். என் கை எழுபத்தொரு வயதுக் கை, கொஞ்சம் நடுங்கும். ஆட்டாதேங்கோ அண்ணை, பந்து தெரியேல்லை என்றார். மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். இடைவேளையில் இறக்கினேன், பிறகும் உயர்த்தினேன். எழுபதாம் நிமிடம் தாண்டிவிட்டிருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை, எதிரணிக்குக் கோணர் கிக் கிடைத்தது. தொலைபேசிக்குள்ளிருந்து மாஸ்டரின் குரல் அவசரமாக வந்தது.

"அண்ணை, பின்னுக்கு வரச் சொல்லுங்கோ. அவன் முன்னுக்கு நிக்கிறான்."

"நிரோ, கோணருக்குப் பின்னுக்கு வா!" என்று நான் கத்தினேன். கம்பியில் சாய்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நிரோ என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்ததைத்தான் பார்த்தான். பிறகு ஓடி வந்து அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். பந்து உயர்ந்து அவனிடமே வந்தது. தலையால் அடித்து வெளியே போட்டான். "அது" என்றது தொலைபேசி.

யார் அது, ஹேர் பிரெசிடெண்ட் என்று கோவால்ஸ்கி கேட்டார். எங்கள் பயிற்றுநர் என்றேன். அவர் எட்டித் திரைக்குள் பார்த்து, தன் பியர்க் கோப்பையை அந்தச் சின்ன முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார். அங்கே இருட்டிவிட்டிருந்தது. மாஸ்டரின் முகம் சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். ஊரில் படித்த ஜேர்மன் வகுப்பு, பரீட்சை, சான்றிதழ் மொழிபெயர்ப்பு, விசா, காப்புறுதி, புதன்கிழமைக்காகக் கூடக் கொடுத்த நாற்பத்தொரு யூரோவோடு சேர்த்து டிக்கெட், குளிர்ச் சட்டை, பச்சை மைதானத்துக்குப் புதுச் சப்பாத்து. மாஸ்டருக்கு என்று அதில் ஒரு சதமும் இல்லை. இலவசம் என்று பதிந்த அந்த ஒன்பதாம் இலக்கத்துக்கு எனக்கு ஆனது மொத்தம் 4,386 யூரோ 40 சதம்.